அணில் கடித்த மாம்பழம்

பலவேசம் அண்ணாச்சி ரோஜா டீயில் பிஸ்கட்டை முக்கி, சொட்டச் சொட்ட எடுத்து, மேசையில் கிடந்த படங்களுக்கு மேலாகவே கொண்டுபோய் வாயில் போட்டார். மாம்பழ டீ டப்பாவுக்கான படத்தில், அணிலின் வாலில் ஒரு துளி விழுந்தது.

டிசைனர் செல்வக்குமார் கைக்குட்டையால் அதை ஒற்றி எடுத்தான்.

திருத்தங்கல் அச்சகத்தின் டிசைன் அறை முழுக்க அந்த டீயின் வாடை. ஊதுபத்தியை ஊறவைத்ததுபோல் குமட்டியது அவனுக்கு.

அண்ணாச்சிக்கு விருதுநகரில் மிளகாய் வத்தல் மண்டி. இப்போது வாசனைத் தேயிலையில் இறங்கியிருந்தார். படம் பார்க்க இன்றுதான் முதல்முறையாக வருகிறார்.

ஏலக்காய், இஞ்சி, துளசி, மாம்பழம். நான்கும் பாண்டிலட்சுமி வரைந்தவை. அவன் மனைவி. ரோஜா மட்டும் பாக்கி இருக்கையில் ஒரு காய்ச்சல் அவளைக் கொண்டுபோய்விட்டது.

ரோஜாவை அவன் வரைந்தான். மிட்டாய்ப் பெட்டியில் வருகிற ரோஜா. இதழில் பனித்துளி, ஓரத்தில் தங்க வளைவு. முடித்ததும் கையைக் கழுவ வேண்டும்போல் இருந்தது.

ஐந்தும் தேறினால் அவளுடைய நான்கும் அச்சேறிவிடும். அது போதும் அவனுக்கு.

"இதுல்ல தம்பி லட்சணம்!" அண்ணாச்சி ரோஜாவைத் தட்டினார். "மத்ததப் பாரு. இஞ்சி, காலு வீங்குனவன் கணக்கா நிக்குது. அணிலு எச்சி பண்ணுன மாம்பழத்த எவன் காசு குடுத்து வாங்குவான்? நாலையும் கடாசிட்டு, ரோசா வரஞ்ச கையவே வரையச் சொல்லு."

அவர் உதட்டில் பிஸ்கட் துகள் ஒன்று ஒட்டியிருந்தது. பேச்சுக்குப் பேச்சு அது ஆடியது. செல்வக்குமார் அதையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"அது முடியாது அண்ணாச்சி."

"ஏன், ரேட்டு கூடக் கேக்காகளா?"

"ரோசா வரஞ்ச ஆளு செத்துப் போயிட்டாக. கடைசியா வரஞ்சதே அதுதான்."

அண்ணாச்சியின் விரல் வெடுக்கென்று பின்வாங்கியது. வேட்டியில் துடைத்துக்கொண்டார். பிறகு ஸ்கேலை எடுத்து, அதன் நுனியால் ரோஜாவை மேசை ஓரத்துக்கு நகர்த்திக் கீழே தள்ளினார்.

"புதுச் சரக்கு, மொதமொதக் கடைக்குப் போவுது. இதப் போயி... அச்சானியமா! முன்னமே சொல்லக் கூடாதாய்யா?"

மற்ற நான்கையும் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். இஞ்சியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அணிலிடம் வந்ததும் முகம் மலர்ந்தது.

"ராமரு தடவிக் குடுத்த சீவனாச்சே. இருந்துட்டுப் போவட்டும். இதெல்லாம் வரஞ்சது யாரு?"

"எங்க வீட்ல, அண்ணாச்சி."

"நல்லாருக்காள்ல?"

"நல்லாருக்கா."

"அப்ப ரோசாவையும் அந்தப் பிள்ளையவே வரையச் சொல்லிரு."

எழுந்து வேட்டியை மடித்துக் கட்டினார். வாசல்வரை போனவர் திரும்பி, மனம் நிறைந்து சொன்னார்.

"தீர்க்க சுமங்கலியா இருக்கட்டும்."

மஞ்சள் பூசி, தலை நிறையப் பூ வைத்து, அப்படித்தான் அவளை அனுப்பியிருந்தார்கள்.