கடைசிக் காட்சியில் அவள் திரும்பினாளா

மூன்று டிவிகளிலும் ஒரே ரயில் ஒரே நேரத்தில் கிளம்பியது.

இடது டிவியில் அண்ணனின் பழைய வீடியோ கேசட். வலது டிவியில் தம்பியின் டிவிடி. நடுவில், அன்று காலை உறை பிரித்த புதுப்பதிப்பு. மூன்றையும் ஒன்றாக ஓடவைக்க மதியத்திலிருந்து மூன்று ரிமோட்டுகளோடு மல்லுக்கட்டியிருந்தார்கள்.

இருவருக்கும் நடுவில் பிறந்தவள் நடு நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். வீடு அவளுடையது. டிவிகளில் ஒன்றுதான் அவளுடையது. மற்ற இரண்டையும் உடன்பிறந்தவர்கள் ஆளுக்கொன்றாகத் துணியில் சுற்றித் தூக்கிக்கொண்டு வந்திருந்தார்கள்.

வழக்கு இதுதான். கறுப்பு வெள்ளைக் காலத்துப் படம். கடைசிக் காட்சியில் கதாநாயகி ரயிலேறிப் போகிறாள், கதாநாயகன் நடைமேடையில் நிற்கிறான். கதாநாயகி திரும்பிப் பார்த்தாளா, இல்லையா?

கேசட்டில் படம் ஒரு குலுங்கு குலுங்கும். அந்தக் குலுக்கலில் திரும்புவாள். டிவிடியில் குலுக்கலும் இல்லை, திரும்பலும் இல்லை.

பல் டாக்டரான அண்ணன், தம்பிக்குக் கண் அவிந்துவிட்டது என்றார். லிப்ட் மெக்கானிக்கான தம்பி, அண்ணன் இல்லாததை எல்லாம் பார்க்கிறவர் என்றான். தான் பிடித்த முயலுக்கு இரண்டு பேருக்கும் மூன்றே கால். அந்தச் சண்டையோடு பேச்சு நின்றது.

அப்பா அம்மா போன பிறகு இருவரும் ஒரே கூரைக்கு அடியில் வருவது, புதுப்பதிப்பு ஒன்று வெளியாகும்போது மட்டும்தான். தீர்ப்புக் கேட்க வருவார்கள். வந்த இடத்தில் சாப்பிடுவார்கள், ஒருவரையொருவர் முறைத்தபடி இரண்டு நாள் தங்குவார்கள். அந்த இரண்டு நாளுக்காக அவள் ஏங்கிக் கிடப்பாள். அவளுக்கு வேறு யார் இருக்கிறார்கள்?

புதுப்பதிப்புகளும் தீர்ப்புச் சொன்னபாடில்லை. ஒன்றில் சரியாக அந்த நேரம் பார்த்து என்ஜின் புகை வந்து கதாநாயகியின் முகத்தை மூடியது. இன்னொன்றில் திரையை அகலமாக்குகிறேன் பேர்வழி என்று தலையையே வெட்டியிருந்தார்கள். அதற்கடுத்ததில் புகை, தலை எல்லாம் ஒழுங்காகத்தான் இருந்தன, ரயில் பெட்டிதான் இருட்டிக் கிடந்தது. போதாக்குறைக்குத் தூசி என்று நினைத்து கதாநாயகியின் கன்னத்து மச்சத்தைத் துடைத்துவிட்டார்கள். அந்த மச்சத்துக்காக மட்டும் அண்ணனும் தம்பியும் ஒற்றுமையாக, துடைத்தவன் கை விளங்காமல் போக என்று சபித்தார்கள். நடுவில் பிறந்தவள் அன்று எழுந்து சமையலறைக்குப் போய்விட்டாள்.

ஆனால் இந்தப் பதிப்பு வேறு. மூல நெகட்டிவிலிருந்து எடுத்தது, ஒரு கீறல்கூட இல்லை என்று உறையிலேயே போட்டிருந்தது. இன்றோடு வழக்கு முடிந்தது என்று இருவரும் நம்பினார்கள்.

முடிந்தால் ஒருவர் ஜெயிப்பார். தோற்றவர் டிவியைத் தூக்கிக்கொண்டு கிளம்புவார். ஜெயித்தவருக்கும் அப்புறம் இங்கே என்ன வேலை?

“அக்கா, உன் அண்ணன்கிட்ட தலைய கொஞ்சம் நகத்தச் சொல்லு. மறைக்குது” என்றான் தம்பி.

அவள் சொல்வதற்குள் அண்ணன் காதில் விழாதவர் போலவே நகர்ந்து உட்கார்ந்தார்.

ரயில் வேகமெடுத்தது. இடது டிவி குலுங்கியது, கதாநாயகி திரும்பினாள். வலது டிவியில் கல் மாதிரி போனாள்.

நடு டிவியில் காற்றடித்தது. கழுத்து மெல்ல அசைந்தது. கை காதோரத்துக்குப் போனது. முகம் பாதி வந்தது.

படம் முடிந்தது.

திரும்பிவிட்டாள் என்று அண்ணன் கைதட்டினார். முடியை ஒதுக்கினாள், அவ்வளவுதான் என்று தம்பி வானத்துக்கும் பூமிக்கும் குதித்தான்.

“டேய், முடிய ஒதுக்குறவ கண்ண எதுக்குடா அந்தப் பக்கம் கொண்டு போறா?”

டேய். எத்தனை வருஷத்துக்குப் பிறகு! சொன்னவருக்கும் உறைக்கவில்லை, கேட்டவனுக்கும் உறைக்கவில்லை. அவளுக்கு மட்டும் கண் நிறைந்துவிட்டது.

தம்பி அண்ணன் முகத்தைப் பார்த்தே பதில் சொன்னான். அண்ணன் அவன் தோளைப் பிடித்துத் திரைக்குப் பக்கத்தில் இழுத்தார். மூக்கோடு மூக்கு உரசக் கத்திக்கொண்டார்கள். இது இரண்டு நாளில் தீருகிற சண்டை இல்லை, ஒரு வாரமாவது இழுக்கும் என்று அவள் சந்தோஷமாகக் கணக்குப் போட்டாள்.

கத்துகிற மும்முரத்தில் பின்னால் ஓட்ட மறந்துவிட்டார்கள். வழக்கமாகப் படம் முடிந்த மறுநொடியே ரிமோட்டை அமுக்கி ரயிலைத் திரும்ப நிலையத்துக்குக் கொண்டுவந்துவிடுவார்கள். எந்தப் பதிப்பிலும் அதற்கப்புறம் என்ன வருகிறது என்று பார்த்ததே இல்லை. இன்றைக்கு நடு டிவியில் பெயர்கள் வரிசையாக ஏறத் தொடங்கின.

அவள் சட்டென்று எழுந்துபோய்த் திரைக்கு முதுகு காட்டி நின்றாள். சாப்பாடு எடுத்து வைக்கட்டுமா என்று கேட்டாள். தள்ளி நிற்கச் சொல்லி இரண்டு பேரும் ஒன்றாகச் சத்தம் போட்டார்கள்.

படத்தைத் துடைத்துப் புதுப்பித்தவர்களின் வரிசையும், அதில் முதலாவதாக இருந்த தன் பெயரும் மேலே ஏறி மறைந்திருக்கும் என்று தோன்றும்வரை அவள் அசையவில்லை.

அவளுக்குக் கம்ப்யூட்டரில் ஏதோ வேலை என்று இருவருக்கும் தெரியும். என்ன வேலை என்று கேட்கத் தோன்றியதில்லை.

அவள் விலகியதும் அண்ணன் பின்னால் ஓட்டினார். ரயில் மறுபடி கிளம்பியது, கழுத்து மறுபடி அசைந்தது, சண்டை மறுபடி முதலிலிருந்து தொடங்கியது.

திரும்பினாள் என்றும் சொல்ல முடியாமல், திரும்பவில்லை என்றும் சொல்ல முடியாமல் அந்தக் கழுத்தைச் சரியாக அந்த இடத்தில் நிறுத்த அவளுக்கு ஒரு மழைக்காலம் முழுக்கப் பிடித்திருந்தது.