இரண்டு கயிறு

"இனிமே உங்களோட ஒரே கயித்துல நான் வரமாட்டேன்" என்றாள் மனைவி. கோபமில்லை, அழுகையில்லை. வீட்டில் உப்பு தீர்ந்துவிட்டது என்பதுபோலச் சொல்லிவிட்டு, அவள் பாட்டுக்குக் கூடாரத் துணியின் கிழிசலைத் தைத்துக்கொண்டிருந்தாள்.

சாப்பாட்டு மேசை முழுக்க மலையின் வரைபடம் விரிந்து கிடந்தது. பனிமலைக்கு ஆட்களைக் கூட்டிப்போவதுதான் புருஷன் பெண்டாட்டி ரெண்டு பேருக்கும் பிழைப்பு. ஐந்து நாள் ஏற்றம், நாலு விருந்தாளிகள். போன வருஷம் அவன் அண்ணன் பனிப்பிளவில் விழுந்து செத்தபிறகு இதுதான் முதல் பயணம்.

அவனுக்குச் சுருக்கென்றது. கல்யாணமான நாளிலிருந்து, எல்லாரையும் இடுப்போடு பிணைக்கும் கயிற்றின் தலையில் அவன், வாலில் அவள், நடுவில் விருந்தாளிகள். பனி உடைந்து அவன் உள்ளே போனால் பின்னாலிருந்து அவள்தான் பிடித்து நிறுத்த வேண்டும். வேறு யாரையும் நம்பி அவன் கால் வைத்ததே இல்லை.

"அப்ப என் பின்னாடி யாரு வர்றது?"

"கூடாரக்காரர் வரட்டும். நான் ரெண்டாவது கயித்துல போறேன்."

மலையில் கூடாரம் போட்டுச் சமைத்துக்கொடுக்கும் கூடாரக்காரர், மூலையில் அடுப்பைத் துடைத்துக்கொண்டிருந்தவர், நிமிர்ந்தார். "நான் பின்னாடி உட்கார்ந்தாலே போதுமே! இந்தத் தொப்பையை இழுத்துக்கிட்டு நீங்க எந்தப் பள்ளத்துல விழப்போறீங்க?"

யாரும் சிரிக்கவில்லை. ஏன்தான் வாயைக் கொடுத்தோமோ என்று அவர் மறுபடி அடுப்பைத் துடைக்கப் போய்விட்டார்.

அவன் வரைபடத்தில் விரலை வைத்தான். "மூணாம் நாள் பனியாத்தைத் தாண்டணும்."

"வெயில் ஏறினா பனி இளகிடும். இருட்டோட கிளம்பிடணும்." தலையை நிமிர்த்தாமலே சொன்னாள்.

மத்தியானத் தூக்கம் கலைந்து பாப்பா எழுந்து வந்தாள். "சித்தி, தண்ணி." அவள் குடித்து முடிக்கும்வரை டம்ளரைப் பிடித்திருந்து, வாயைத் துடைத்து, திரும்பப் படுக்கவைத்துவிட்டு வந்து மனைவி ஊசியைக் கையில் எடுத்தாள்.

ஒரு வருஷமாக இந்த வீடு இப்படித்தான் ஓடுகிறது. அடுப்பு எரியும், துணி காயும், பேச்சு மட்டும் கிடையாது. எல்லாருக்கும் மனசு மரத்துப்போயிருந்தது. இதில் கயிறும் தனித்தனி என்றாகிவிட்டால், புருஷன் பெண்டாட்டி என்று அப்புறம் என்னதான் மிச்சம்?

"என் மேல உனக்கு நம்பிக்கை போயிடுச்சு. அண்ணன் மாதிரி நானும் விழுவேன், உன்னையும் இழுத்துட்டுப் போவேன்னு பயம். அதானே?"

"உயிருக்குப் பயந்தா மலைக்கே வரமாட்டேனே."

"பின்ன என்ன? என்கூட வாழவே பிடிக்கலையா? அதையாவது வாயைத் திறந்து சொல்லித் தொலையேன்!"

கூடாரக்காரர் அடுப்பைத் தூக்கிக்கொண்டு நைசாக வெளியே நழுவினார்.

அவள் நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். எழுந்துபோய் உள்ளறைக் கதவைச் சாத்திவிட்டு, அவன் எதிரே வந்து உட்கார்ந்தாள். இத்தனை நாளில் முதல் தடவையாக அவனை நேராகப் பார்த்தாள்.

"உங்க அண்ணனும் அண்ணியும் ஒரே கயித்துல போய்ட்டாங்க, பாப்பாவுக்கு நாம இருந்தோம். நாமளும் அப்படிப் போய்ட்டா, அவளுக்கு யாருங்க இருக்கா?"