சித்த உக்காந்துட்டுப் போயேன்

விளம்பர நிறுவனத்தில் ரேணுகாவின் வேலை, இயந்திரம் எழுதித் தள்ளும் வரிகளில் பிழை பார்ப்பதுதான். ஒரு காப்பித்தூள் விளம்பரத்துக்கு மட்டும் அவளே பேனா பிடித்து எழுதினாள்: "சித்த உக்காந்துட்டுப் போயேன்." அந்தச் 'சித்த'வை இயந்திரம் வெட்ட வெட்ட, அவள் விடாமல் திரும்பச் சேர்த்தாள்.

இன்று காலை பேருந்து நிறுத்தத்துப் பலகையில் அந்த வரி, ஓர் எழுத்தும் மாறாமல் ஒளிர்ந்தது. நெஞ்சு நிறைந்துவிட்டது. யாரிடமாவது சொல்லியாக வேண்டும் போலிருந்தது. பக்கத்தில் பூக்கூடையோடு ஒரு பெண் நின்றிருந்தாள்.

"அக்கா, அந்தப் பலகையில இருக்கே, அது நான் எழுதினது."

"எது, 'ஒரே மடக்கு, தலவலி போச்சு'ன்னு கீதே, அதுவா? சோக்கா கீதும்மா."

பலகை எதிரே நிற்பவர்களைக் கேமராவில் பார்த்து, ஒரே நேரத்தில் ஆளுக்கொன்றாகத்தான் காட்டும், அவரவருக்குப் பிடித்ததை. தினமும் அதற்குத்தான் பிழை பார்க்கிறாள், சந்தோஷத்தில் மறந்துபோயிருந்தாள்.

அலுவலகத்துக்குப் போன் போட்டாள்.

"ஜெரால்டு, என் வரி எத்தனை பேருக்குப் போயிருக்கு, பாத்துச் சொல்லேன்."

"ஒருத்தருக்குத்தான் மேடம். ஆனா சும்மா சொல்லக்கூடாது, அவங்க பலகைய விட்டுக் கண்ணையே எடுக்கல. பஸ் வந்தும் ஏறல பாருங்க!"

"யாருப்பா அது?"

"பேரெல்லாம் காட்டாது மேடம். லேடி. தனியா இருக்கிறவங்கன்னு மட்டும் போட்டிருக்கு."

பேருந்து கிளம்பிப் போனது. பூக்காரியும் அதில் போய்விட்டாள்.

"இன்னும் நிக்கிறாங்களா?" என்று கேட்டாள் ரேணுகா.

"ஆமா மேடம். அங்கயேதான் நிக்கிறாங்க."