ஒரே குரலில்

“உதிலை நிப்பாட்டும்,” என்றார் அலுவலகத் தலைவர் சோமசேகரம்.

கிறிஸ்ரோபர் விசையைத் தட்டினான். கணினித் திரையில் அலுவலக முற்றம் அசையாமல் நின்றது. நாற்பத்திரண்டு ஊழியர்கள், நாற்பத்திரண்டு வலக்கைகள். எல்லா வாய்களும் மூடியிருந்தன. மூன்றாவது வரிசையில் ஒரு வாய் மட்டும் திறந்திருந்தது.

“ஆர் உது?”

“எங்கடை தக்சாயினி, சேர். மயிலிட்டிப் பிள்ளை. எடுக்கேக்கை நான் கவனிக்கேல்லை.”

புதுவருடத்தின் முதல் நாள் அரச ஊழியர்கள் எடுக்கும் விசுவாச உறுதியுரை அது. காணொளியை முகநூலில் போட்டு மூன்று நாள் ஆகவில்லை, மேலிடத்திலிருந்து தொலைபேசி வந்துவிட்டது. உங்கள் ஆள் ஒருத்தி வேறு என்னவோ சொல்கிறாள், விசாரித்து அறிக்கை அனுப்புங்கள் என்றார்கள்.

‘வேறு’ என்ற அந்தச் சொல்லைச் சோமசேகரம் தாளில் எழுதி அடிக்கோடிட்டு வைத்திருந்தார். மார்ச்சில் அவருக்கு ஓய்வு. முப்பத்தாறு வருடச் சேவையில் அவருடைய கோப்பில் ஒரு கறுப்புப் புள்ளி இல்லை.

உறுதியுரையை அவரைப்போல அறிந்தவர் அந்த அலுவலகத்தில் கிடையாது. எண்பத்து மூன்றில் பிரிவினைக்கு எதிரான எந்த வசனம் புதிதாக நுழைந்தது, ‘சத்தியம்’ எந்தச் சமயத்தவருக்கு, ‘உறுதி’ எந்தச் சமயத்தவருக்கு எல்லாம் விரல்நுனியில். போர்க்காலச் செல்லடிக்குப் பயந்து பள்ளிக்கூட வாங்கில் அலுவலகம் நடத்திய காலத்திலும் அதில் கையொப்பம் வைத்தவர். கொடி ஏறும்போது சேலையைச் சரிசெய்யக் கூடாது, மௌன அஞ்சலியில் இருமலாம், உறுதியுரையில் இருமக் கூடாது என்று எழுதி அறிவித்தல் பலகையில் ஒட்டியவரும் அவர்தான்.

“சத்தத்தைக் கூட்டும்.”

“சோமசேகரம் ஆகிய நான்...” என்று அவருடைய குரல் கணீரென்று வந்தது. பின்னாலேயே ஊழியர்களின் குரல் ஒரே அலையாக எழுந்தது. அவருக்கு மறுபடியும் புல்லரித்தது.

“மற்ற ஆக்களிலை ஒரு பிழையும் இல்லை, சேர்,” என்றான் கிறிஸ்ரோபர். “நீங்கள் சொன்னதை ஒரு எழுத்தும் பிசகாமல் அப்பிடியே திருப்பிச் சொன்னனாங்கள். நான் ஒரு கையிலை கமராவைப் பிடிச்சுக்கொண்டும் மற்றக் கையைத் தூக்கினனான்.”

“அதுதான் ஒழுங்கு. உவவைக் கூப்பிடும்.”

தக்சாயினி வந்தாள். வந்தவுடன் மேசையில் கிடந்த கடிதத்தைக் கண்டாள். மூன்று வருடத் தகுதிகாண் காலம் முடிந்து அவளுடைய வேலையை நிரந்தரமாக்கும் கடிதம். கையொப்பம் மட்டும்தான் மிச்சம்.

“பிள்ளை, முதலாந் திகதி உறுதியுரை எடுத்தனீரோ?”

“ஓம், சேர்.”

“ஒழுங்காய்?”

“ஓம், சேர். சத்தமாய்.”

“சத்தமாய்த்தான் எடுத்திருக்கிறா,” என்று சிரித்தான் கிறிஸ்ரோபர். “என்னத்தை எண்டுதான் தெரியேல்லை.”

சோமசேகரம் திரையை அவள் பக்கம் திருப்பினார். “எல்லாரும் ஒண்டைச் சொல்ல நீர் மட்டும் வேறை சொல்லுறீர். இதுவோ ஒழுங்கு?”

“சேர், அது...”

“விளக்கத்தை எழுத்திலை தாரும்.”

பேனையின் மூடியைத் திறந்தார். மறுபடி மூடினார். இடம்பெயர்ந்தோர் முகாமில் பிறந்து, முகாமிலேயே படித்து வந்தவள். அந்த வீட்டில் முதல் அரச சம்பளம் அவளுடையது. அவருக்கு மனம் கொஞ்சம் இளகியது.

“சரி. இப்ப என்ரை முன்னாலை ஒருக்கா எடும். நான் சொல்லச் சொல்லத் திருப்பிச் சொன்னால் போதும். அண்டைக்கு உமக்குக் கொட்டாவி வந்ததெண்டு மேலிடத்துக்கு எழுதிவிடுறன்.”

அவர் எழுந்து விறைப்பாக நின்றார். கிறிஸ்ரோபரும் நின்றான். தக்சாயினி வலக்கையை உயர்த்தினாள்.

“சோமசேகரம் ஆகிய நான்...”

“சோமசேகரம் ஆகிய நான்,” என்றான் கிறிஸ்ரோபர், பழக்கத்தில்.

தக்சாயினி வாய் திறக்கவில்லை.

“சொல்லும், பிள்ளை.”

“அதைச் சொல்ல என்னாலை ஏலாது, சேர்.”

முப்பத்தாறு வருடத்தில் ஒருவரும் சோமசேகரத்தின் முன்னால் இப்படி மறுத்ததில்லை. கடிதத்தை இழுத்து, குறுக்கே கோடு போடப் பேனையை ஊன்றினார்.

“கிறிஸ்ரோபர், நீர்தான் சாட்சி. உறுதியுரை எடுக்கமாட்டன் எண்டு என்ரை முகத்துக்கு நேரை சொல்லுறா. ஏன் ஏலாது? அதையும் உம்மடை வாயாலை சொல்லும்.”

தக்சாயினி உயர்த்திய கையை இறக்கவில்லை.

“சோமசேகரம் நீங்கள், சேர். நான் தக்சாயினி.”