மூடினாலும் போகாது

"இதுக்குப் போய் உனக்குச் சம்பளம் வேற கொடுக்கறாங்களா?"

லேப்டாப்பைக் கணவர் மடியில் வைத்து ரெண்டு நிமிஷம்கூட ஆகவில்லை. தோளில் இருந்த பையைக்கூட அவள் இன்னும் இறக்கி வைக்கவில்லை.

"என்னங்க ஆச்சு?"

"என்ன ஆச்சா? ஃபைலை மூடிட்டா, மாத்தினதைத் திருப்பிக் கொண்டுவர்ற அன்டூ போயிடும்னு எழுதி வச்சிருக்க. இந்த எடிட்டர்ல மூடினாலும் போகாது. மறுபடி திறந்து ஒரு தட்டு தட்டினா, மாத்தறதுக்கு முன்னாடி இருந்தது பழையபடி வந்து நிக்கும். உன் கையேட்டை நம்பினவன் நடுத்தெருவுலதான் நிக்கணும்."

"அய்யோ, ஆமாங்க. கவனிக்கவே இல்ல."

"கவனத்தை எங்க, பஸ்லயே விட்டுட்டு வந்துட்டியா?"

அவள் குனிந்து, அவர் சொல்லச் சொல்ல அந்த வரியைத் திருத்தினாள்.

புரோகிராமர்கள் கோட் எழுதுகிற ஒரு டெக்ஸ்ட் எடிட்டர். அதற்குக் கையேடு எழுதுவதுதான் அவளுக்கு ஆபீஸில் வேலை. கையேட்டையும் அதே எடிட்டரில்தான் எழுதுவாள். அவரோ அந்த எடிட்டரில் பல வருஷம் குப்பை கொட்டிய புரோகிராமர். பக்கவாதம் வந்து வலது கையும் காலும் விழுந்த பிறகு, கட்டிலும் ஜன்னலும்தான் அவருக்கு.

பேச்சு திரும்பிவிட்டது. ஆனால் யாரோடும் பேசமாட்டார். பழைய நண்பர்கள் வந்தால் தூங்குவது போல் கண்ணை மூடிக்கொள்வார். "சார் மனசு வைக்கலைன்னா நான் என்னம்மா பண்றது?" என்று பயிற்சி கொடுக்க வருகிறவரும் போன வாரம் கையை விரித்துவிட்டார்.

"மூளையே மரத்துப்போச்சு. இனிமே நான் எதுக்கும் லாயக்கில்ல" என்று சுவரைப் பார்த்துச் சொல்லிக்கொண்டிருப்பார். அவள் எழுதிய பக்கத்தில் தப்பு கண்டுபிடிக்கும்போது மட்டும் ஆள் கொஞ்சம் நிமிர்ந்து உட்காருவார்.

"அடுத்த பக்கம் அதுலயே இருக்கு, பாத்துட்டு இருங்க. டீ போட்டு எடுத்துட்டு வரேன்."

சமையலறைக்குப் போய் அடுப்பைப் பற்றவைத்துவிட்டு, அப்படியே சுவரில் சாய்ந்து நின்றாள். காலையில் அவரைக் குளிப்பாட்டித் துணி மாற்றிவிட்டு ஓடினால், ஆபீஸ், பஸ், அப்புறம் இந்த மாடிப்படி. இப்போதெல்லாம் ஒரே மூச்சில் ஏற முடிவதில்லை. கீழ்ப்படியிலேயே உட்கார்ந்து, லேப்டாப்பில் மிச்சம் இருக்கிற வேலையைத் தட்டி முடித்துவிட்டுத்தான் ஏறுகிறாள்.

போன் அடித்தது. அக்கா.

"என்னடி, குரலே இல்ல? இன்னிக்கும் திட்டு விழுந்துதா?"

"ம்."

"ஆபீஸ்லயும் திட்டு, வீட்டுலயும் திட்டா? தாங்குமாடி உடம்பு?"

"ஆபீஸ்ல யாரும் திட்டறதில்லக்கா. நான் எழுதின பக்கத்துல கை வைக்கவே வேண்டியதில்லன்னு மேனேஜர் அப்படியே நெட்ல ஏத்திடுவார்."

"பின்ன இவருக்கு மட்டும் எப்படி தினம் ஒரு தப்பு கிடைக்குது?"

"இவர் கண்ணு அப்படி."

"நல்ல கண்ணு! நாளையிலிருந்து காட்டாதே, சொல்லிட்டேன். உனக்கென்ன தலையெழுத்தா?"

"காட்டலைன்னா அவர் வேற என்னக்கா பேசுவார்?"

டீ பொங்கியது. போனை வைத்துவிட்டு, வடிகட்டி எடுத்துக்கொண்டு போனாள்.

அவர் தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். முகத்தில் அந்த எரிச்சலைக் காணோம்.

"என்னங்க, பாத்தாச்சா?"

"பாத்தாச்சு. ஒண்ணுமில்ல. சரியா இருக்கு."

"நல்லா பாத்தீங்களா?"

"பாத்தேன்னு சொல்றேன்ல."

டம்ளரை மேஜை மேல் வைத்தாள். இத்தனை நாளில் அவர் இப்படிச் சொன்னதே இல்லை. உண்மையாகவே மரத்துப்போக ஆரம்பித்துவிட்டதா?

"அந்த காலி வரியை அழிக்கிற புரோகிராம் இருக்குல்ல, அதை மட்டும் இன்னொரு தரம் பாருங்களேன். மேலிருந்து கீழே அழிச்சுட்டு வந்தா, அடுத்த வரி மேலே ஏறிடும். நடுவுல ஒண்ணு தப்பிச்சுடுமே?"

"தப்பிக்கும். அதனாலதான் கீழேருந்து மேலே போகணும்."

"அதைத்தான் சொல்றேன். நான் மேலிருந்து கீழேன்னு…"

"எங்க எழுதியிருக்க அப்படி? கண்ணைத் திறந்து பாரு."

எட்டிப் பார்த்தாள். 'கீழிருந்து மேலே' என்றுதான் இருந்தது. மத்தியானம் ஆபீஸில் அவள் எழுதிய அதே வாக்கியம், ஒரு எழுத்துகூடப் பிசகாமல். கீழ்ப்படியில் உட்கார்ந்து அவள் மாற்றி வைத்ததைக் காணோம்.

அவருடைய இடது கை இன்னும் கீபோர்டின் மேலேயே இருந்தது.

"டீ ஆறுது, எடுத்துக் குடு" என்றார். இடது கையாலேயே டம்ளரை வாங்கி ஒரு வாய் குடித்தார்.

"நாளைக்காவது கொஞ்சம் கஷ்டமான தப்பா போட்டுட்டு வா."