முதல்ல சாப்பிடும்

கோழிக்கறி ஆறுவதற்குள் போய்ச் சேர்ந்துவிட வேண்டும் என்று செல்வமலர் காரை விரட்டினாள். பக்கத்து இருக்கையில் துவாயால் சுற்றிய கறிச்சட்டியும் இடியப்பப் பெட்டியும் குலுங்கிக்கொண்டு வந்தன. பார்ப்பவர்கள் ஏதோ பிறந்தநாள் வீட்டுக்குப் போகிறாள் என்றுதான் நினைப்பார்கள்.

அவள் போவது இழவு சொல்ல. சண்டை முடிந்துவிட்டது என்று உலகமே சொன்ன அந்த வைகாசியில், நீக்கிலாஸின் தம்பி மேர்வின் முள்ளிவாய்க்காலில் செல் குண்டு விழுந்து செத்துப்போயிருந்தான்.

செய்தியைச் சொன்னவள் கனடாவில் இருக்கும் மனோரஞ்சிதம். எல்லோரும் ஒரே ஊர்க்காரர். "கூடப்பிறந்த சகோதரத்துக்கு ஆரும் போனில இதைச் சொல்லுவினமோ? நீ நேர போய், பக்கத்தில இருந்து சொல்லு" என்று பாரத்தைச் செல்வமலரின் தலையில் இறக்கிவிட்டுப் போனை வைத்துவிட்டாள்.

செல்வமலருக்கும் வன்னியில் ஒரு தம்பி இருந்தான், குருசுமுத்து. அவன் சித்திரையிலேயே முகாமுக்குப் போய்விட்டதாக யாரோ சொல்லியிருந்தார்கள். அந்த ஆறுதலை நினைக்கவே இன்று அவளுக்கு வெட்கமாக இருந்தது.

இந்தக் குளிர்தேசத்துக் கிரின்ஸ்டெட் பட்டணம் தாண்டியதும் பஸ்ஸும் கிடையாது, ஆளும் கிடையாது. மீன் வளர்க்கும் குளங்களும் காற்றும்தான். அங்கே பண்ணைக் காவலும் வேலையுமாக நீக்கிலாஸ் ஒண்டிக்கட்டையாகக் கிடந்தான். கொஞ்ச நாளாக அவளுடைய போனைக்கூட எடுக்கவில்லை.

முற்றத்தில் தகர ட்ரம் ஒன்று அடுப்பில் கொதித்தது. நீக்கிலாஸ் கம்பியால் இரும்புப் பொறிகளை ஒவ்வொன்றாக வெளியே எடுத்துக்கொண்டிருந்தான். மாரி முழுக்கக் குளத்து மீனைத் தின்ன வரும் மிங்குகளுக்கு வைத்த பொறிகள் அவை. மிங்க் என்பது நம்முடைய கீரிப்பிள்ளைக்குப் பெரியப்பா மகன், மீன் என்றால் உயிரை விடும்.

"வாங்கோ அக்கா" என்றவன் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

"சவுக்காரம் போடேல்லையோ?" சோப்பு நுரையே இல்லாத தண்ணீரைப் பார்த்து, எதையாவது கதைக்க வேண்டுமே என்று கேட்டாள்.

"கூடாதக்கா. சவுக்கார மணம் நிண்டால் அடுத்த மாரிக்கு ஒண்டும் கிட்ட வராது. சேறும் மயிரும் போகத் தேய்ச்சு, மரப்பட்டை போட்டு அவிச்சால் காணும். பிறகு வில்லைத் தளர்த்திக் கொழுவி விடுறது."

ஒரு பொறியைக் காற்றில் உதறிக் காயவைத்துவிட்டுச் சொன்னான்: "முதலாளியிட்டக் கேட்டிட்டன் அக்கா. மேர்வின் வந்தால் அவனுக்கும் இஞ்ச வேலை. கையைக் கடிக்காத பொறியாப் பார்த்து அவனுக்கெண்டு எடுத்து வைக்கிறன்."

இந்தப் பாவியிடம் எந்த வாயால் சொல்வது?

"அதைப் பிறகு பாக்கலாம். முதல்ல வந்து சாப்பிடும்."

வெறும் வயிற்றோடு இருக்கிறவனிடம் இழவு சொல்லக் கூடாது என்பது அவர்கள் ஊர் வழக்கம். கேட்ட பிறகு தண்ணீர்கூடத் தொண்டையில் இறங்காது. அழுவதற்கும் உடம்பில் கொஞ்சம் தெம்பு வேண்டுமல்லவா?

உள்ளே ஒரு மேசை, ஒரு கட்டில், சத்தமில்லாத டிவி. அவள் ஒரு சாப்பாட்டுக் கோப்பையில் இடியப்பத்தை வைத்துக் கறியை ஊற்றினாள். நீக்கிலாஸ் அதை அப்படியே அவள் பக்கம் தள்ளிவிட்டு இன்னொரு கோப்பை எடுத்தான்.

"நான் வீட்டை போய்ச் சாப்பிடுவன். இது உமக்கு."

"அது சரிவராது. நீங்களும் சாப்பிட்டால்தான் நான் சாப்பிடுவன்."

கூட இருந்து சாப்பிட ஒரு ஆள் இல்லாத ஏக்கம் என்று செல்வமலர் நினைத்தாள். இந்த மனிதன் எத்தனை நாள் அந்த டிவியோடு இருந்து தின்றிருப்பான்! அவனுக்காக அவளும் பசியில்லாமல் வில்லங்கத்துக்கு விழுங்கினாள்.

அவள் கை நின்றபோதெல்லாம் "இன்னும் ரெண்டு வையுங்கோ" என்று அவன் விடவில்லை. அவனும் அவள் சொல்லுக்காகத் தன் கோப்பையைக் காலி செய்தான். இரண்டு பேரும் கை கழுவினார்கள். கழுவியபின் அவனே தேத்தண்ணி போட்டு, சீனி கூடப் போட்டுக் கொண்டுவந்து அவளிடம் கொடுத்தான்.

இனியும் தள்ளிப்போட முடியாது. "நீக்கிலாஸ், நான் ஒண்டு சொல்லத்தான் வந்தனான்..." என்று தொடங்கினாள்.

"பொறுங்கோ அக்கா." அவன் கதிரையை விட்டு இறங்கி அவள் காலடியில் நிலத்தில் இருந்தான். "மனோரஞ்சிதம் அக்கா எனக்கும் போன் எடுத்தவ."

செல்வமலருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. இவனுக்குத் தெரிந்துவிட்டது. இழவு சொல்லும் பாவம் தன் வாய்க்கு வராமல் கர்த்தர் காப்பாற்றிவிட்டார்! அவன் தலையைத் தடவக் கையை நீட்டினாள்.

நீட்டிய கையை அவன் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான்.

"நேர போய்ச் சொல்லச் சொன்னவ. எனக்குத் துணிவு வரேல்ல, அதுதான் உங்கட போனும் எடுக்கேல்ல... உங்கட குருசுமுத்து செத்துப்போனான், அக்கா."