பெனிட்டாவின் கட்டில்

குழந்தை இறந்து ரெண்டு வருஷம் ஆகியிருந்தது. கட்டில் மட்டும் வளர்ந்துகொண்டே இருந்தது.

புத்தூரில் மாடி போர்ஷனுக்குக் குடிவந்த அன்றே வீட்டுக்காரர் நர்ஸ் ஜோதியிடம் சொல்லியிருந்தார். "எதிர் போர்ஷன் லூர்து நல்ல மனுஷன்தாம்மா. ஒரே பொண்ணு பெனிட்டா, காய்ச்சல்ல போயிருச்சு. அதுலேருந்து புருஷன் பெண்டாட்டி ரெண்டு பேருமே ஒரு மாதிரி."

'ஒரு மாதிரி' என்றால் என்னவென்று ஒரு மத்தியானம் அந்த வீட்டுக்கு உறை மோர் கேட்டுப் போனபோதுதான் தெரிந்தது.

கதவைத் திறந்த லூர்துவின் மனைவி ரோசம்மாள் உதட்டில் விரல் வைத்தாள்.

"மெதுவா சிஸ்டர். பாப்பா தூங்குறா."

ஜோதி உள்ளே எட்டிப் பார்த்தாள். ஜன்னலோரம் ஒரு கட்டில். பூப்போட்ட போர்வை. அதன்மேல் யாரும் இல்லை. தலையணை மட்டும் நடுவில் லேசாகக் குழிந்திருந்தது.

கால்மாட்டில் லூர்து மண்டியிட்டு உட்கார்ந்து, கட்டில் சட்டத்தோடு ஒரு புது மரத்துண்டைச் சேர்த்துக்கொண்டிருந்தார். ஆணி இல்லை, பசை இல்லை. ஒரு கட்டையின் நாக்கு இன்னொரு கட்டையில் செதுக்கிய காடிப் பள்ளத்துக்குள் மயிரிழை இடைவெளியில்லாமல் இறங்கியது. மரச் சுத்தியலால் தட்டினார். டொக்... டொக்...

"ஜப்பான்காரங்க முறை," என்றாள் ரோசம்மாள் பெருமையாக. "ஸ்ரீரங்கத்துல ஞாயித்துக்கிழமை கிளாஸுக்குப் போய்க் கத்துக்கிட்டார். எப்ப வேணா கழட்டலாம், நீட்டலாம். பாப்பா உசரமாயிட்டா இல்ல? கால் வெளியே நீட்டிக்கிட்டு இருந்துச்சு."

லூர்து காலிக் கட்டிலைப் பார்த்துக் குனிந்தார்.

"இப்பச் சரியா இருக்கா கண்ணு?"

பதிலுக்குக் காத்திருந்தார். பிறகு, கேட்டுவிட்டதுபோல் தலையாட்டினார்.

ஜோதி மோரை மறந்து வெளியே வந்துவிட்டாள்.

கொஞ்ச நேரத்தில் லூர்து மரக்கடைக்குக் கிளம்பி வர, படியிலேயே மடக்கினாள்.

"அண்ணே, நான் நர்ஸ். அதனால சொல்றேன். இல்லாத பொண்ணுக்குக் கட்டில் செஞ்சு, அந்த அக்காவையும் சேர்த்துப் பைத்தியமாக்குறீங்களே, நியாயமா?"

லூர்து மேலே ஒருமுறை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"எனக்குத் தெரியாதா சிஸ்டர்? எம் பொண்ணுக்கு மண்ணு போட்டது இந்தக் கைதான். ஆனா அவளுக்குத் தெரியலை. ஒருநாள் திடீர்னு 'பாப்பாவுக்குக் கட்டில் பத்தலை'ங்கிறா. பாப்பாவே இல்லைன்னு எப்படிச் சொல்றது? தாங்கமாட்டா. ரயில்வேல இரும்போடயே கிடந்தவன் நான். அவளுக்காகத்தான் உளியைப் பிடிச்சேன். தயவுசெஞ்சு அவகிட்ட எதையும் சொல்லிடாதீங்க."

அவர் படியிறங்கிப் போனதும் ஜோதி கூசிப்போய் நின்றாள். இவ்வளவு நேரம் இவரையா தப்பாக நினைத்தோம்? வைத்தியம் பார்க்க வேண்டியது அந்த அம்மாவுக்குத்தான்.

திரும்பப் போய்க் கதவைத் தட்டினாள்.

"அக்கா, எங்க ஆஸ்பத்திரியில நல்ல டாக்டரம்மா ஒருத்தங்க இருக்காங்க. சும்மா பேசிட்டு வரலாம், வர்றீங்களா?"

ரோசம்மாள் அவளையே உற்றுப் பார்த்தாள். அவளை உள்ளே இழுத்துக் கதவைச் சாத்தினாள். இப்போது அந்தக் குரலே வேறாக இருந்தது.

"பயப்படாதீங்க சிஸ்டர். எம் பொண்ணு செத்துட்டான்னு எனக்குத் தெரியும்."

ஜோதி திரும்பி அந்தக் காலிக் கட்டிலைப் பார்த்தாள்.

"அடக்கம் முடிஞ்சதுலேருந்து அவர் சாப்பிடல, வேலைக்குப் போகல. சுவத்தைப் பார்த்தே படுத்துக் கிடந்தார். நான்தான் தூக்க மாத்திரை மயக்கத்துல, 'பாப்பாவுக்குக் கட்டில் பத்தலைங்க'ன்னு என்னமோ உளறினேன். அதைக் கேட்டுத்தான் அந்த மனுஷன் எழுந்து உட்கார்ந்தார்."

ரோசம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"எனக்கு மறுநாளே தெளிஞ்சிருச்சு. அவர் மறுபடியும் படுத்துடக் கூடாதேன்னு, தெளியாத மாதிரியே இருக்கேன்."